ஐஸ் கம்பெனி இருந்த இடம்

மார்ச் 4, செவ்வாய்

தூறல். குடையை ஆபீஸ் வாசலில் விரித்து வைத்தேன், எவனோ எடுத்துக்கொண்டு போய்விட்டான். நாள் விளங்கினாற்போலத்தான்.

புதுக் கோப்பு வந்திருக்கிறது. மருத்துவ வளாகம், ஆறு மாடி, சர்வே எண் 112/3. கட்டட வரைபடம் சரிபார்க்கும் பிரிவுக்கு நான் வந்து முப்பத்தோரு வருஷம். என் கண்ணில் படாமல் இந்த ஊரில் ஒரு கக்கூஸ்கூட எழும்பியதில்லை. வழக்கம்போல் முதல் தாளில் கையெழுத்துப் போட்டேன். 'இந்த இடத்தில் எனக்கோ என் குடும்பத்தாருக்கோ உடைமையோ குடியிருப்போ இன்றும் இல்லை, முன்பும் இருந்ததில்லை.' இதையெல்லாம் யார் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள்?

மார்ச் 5, புதன்

லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. பச்சைப் பென்சிலில் குறித்தேன். குடை கிடைக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

எல்லைக்கோட்டின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு வெட்டு. எதற்கு இந்த வெட்டு என்று யோசித்தேன். டிரான்ஸ்பார்மர்! அதன் பின்னால் ஒளிந்துகொண்டு அண்ணனை அரை மணி நேரம் தேடவிட்டவள் நான். 112/3 என்றால் ஐஸ் கம்பெனி. நான் பிறந்து வளர்ந்த வீடு.

மக்கு, மக்கு. ஊர் முழுக்க சர்வே எண்ணாகவே தெரியும், சொந்த வீட்டுக்கு ஒரு எண் உண்டு என்று தோன்றவே இல்லை. தெருப் பெயரும் மாறிவிட்டது. வரைபடத்தில் கேட் தாளின் அடியில் கிடக்கிறது. எங்கள் வீடு காம்பவுண்டின் பின்பக்கம், கேட் எப்போதும் எங்களுக்கு எதிரே. என் மனசில் அது தாளின் உச்சியில்தான் இருக்கும்.

அப்பா அங்கே மெஷின் ஆபரேட்டர். நாள் முழுக்க மெஷின் கடகடவென்று ஓடும், அந்தச் சத்தத்தில்தான் தூங்குவோம். நின்றால் வீடே விழித்துக்கொள்ளும். டின்னிலிருந்து நழுவி பலகையில் சறுக்கி வரும் கட்டிகள் – ஓரமெல்லாம் கண்ணாடி, நடுவில் மட்டும் பால் வெள்ளை. அதன்மேல் வெறுங்காலோடு யார் அதிக நேரம் நிற்பது என்று அண்ணனும் நானும் போட்டி. நான்தான் ஜெயிப்பேன், பிறகு அழுவேன். காய்ச்சல் வந்தால் அப்பா வேலையிலிருந்து நேரே வந்து உள்ளங்கையை நெற்றியில் வைப்பார். என்ன குளிர்ச்சி! மாத்திரை எல்லாம் அப்புறம்தான். எங்கள் ஆஸ்பத்திரி அந்தக் கைதான்.

இப்போது அங்கே நிஜ ஆஸ்பத்திரி. வரட்டும், நல்லதுதானே? பிறகு ஏன் எனக்கு அழுகை வருகிறது?

மார்ச் 7, வெள்ளி

கிணறு!

வரைபடத்தில் கிணறே இல்லை. கம்பெனி மூடிய வருஷம், எனக்குப் பதினாலு வயசு. ஐஸ் உறைய வைக்கும் தொட்டியின் உப்புநீர் கசிந்து கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது. அப்பா மேலே கான்கிரீட் பலகை வார்த்து மூடினார். மூடினாரே தவிர தூர்க்கவில்லை. "என்னிக்காவது தண்ணி நல்லாயிடும்டி" என்றார். அதற்குமேல் மண் போட்டுவிட்டார்கள்.

ஆக, நாற்பது அடிப் பள்ளம், மேலே வெறும் பலகை. இடது கைப்பக்கம் இருந்தது – கண்ணை மூடினால் தெரிகிறது. வரைபடத்தில் இடது பக்கம் கார் நிறுத்தும் இடம்.

மார்ச் 8, சனி

அண்ணனுக்குப் போன் செய்தேன். ஐம்பத்தேழு வயசிலும் அவருக்கு நான் பாப்பாதான்.

"பாப்பா, நீ வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு. ரிட்டயர் ஆக அஞ்சு மாசம் இருக்கு. பொய்யா கையெழுத்துப் போட்டேன்னு தூக்கிட்டாங்கன்னா? அஸ்திவாரம் தோண்டுறப்ப அவங்களே பாத்துக்குவாங்க."

"கார் நிறுத்துற எடத்துல ஆழமாத் தோண்ட மாட்டாங்கண்ணா. மேலாகக் கல்லு பாவிடுவாங்க."

"உனக்கு ஐஸ் கம்பெனி போகுதேன்னு வயித்தெரிச்சல். கிணறு ஒரு சாக்கு."

சுருக்கென்றது. கிணறு இருக்கிறது என்று சொன்னால் கோப்பு நிற்கும். நிற்கட்டும் என்றுதான் சொல்லப் பார்க்கிறேனா? தெரியலையே. நெஜமாவே தெரியல.

மார்ச் 9, ஞாயிறு

ஒன்றும் எழுத ஓடவில்லை. கண்ணை மூடினால் கல்லுக்குள்ளே ஒரு கார் இறங்குகிறது.

மார்ச் 10, திங்கள்

சொல்லிவிட்டேன். எங்கள் அதிகாரி என்னைவிட இருபது வயசு சின்னவர், மனசுக்குள் 'சின்ன மேடம்' என்றுதான் கூப்பிடுவேன். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நீங்களாம்மா? நீங்க படிக்காம கையெழுத்துப் போடுவீங்களா?"

அந்தக் கேள்விக்கு மெமோவே தேவலை. மெமோவும் வந்தது, சாயங்காலம். கோப்பு என் மேஜையிலிருந்து போய்விட்டது. கிணறு பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் பொதுக் கருத்துக் கூட்டத்தில் மற்றவர்களைப் போல் டோக்கன் வாங்கிச் சொல்லலாமாம்.

மார்ச் 21, வெள்ளி

டோக்கன் 14. ஆளுக்கு மூன்று நிமிஷம், முடிந்ததும் மணி. இத்தனை வருஷம் அந்த மணியை அடித்தவள் நான். இன்றைக்கு அடித்தவர் எங்கள் சர்வேயர், பக்கத்து சீட்டுக்காரர்.

சைரன் சத்தம் என்று ஒருவர், தூசி என்று ஒருவர். ஒரு அம்மா எழுந்து, "எங்க மாமியாரை அடுத்த ஊருக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள வழியிலேயே போயிட்டாங்க. சீக்கிரம் கட்டுங்க" என்று உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் என் முறை. மெஷின், டின், அப்பா எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கிணற்றுக்கு வருவதற்குள் மணி. சர்வேயர் முகத்தில் ஈயாடவில்லை. "ஒரு நிமிஷம் தாங்க" என்று கெஞ்சினேன். எத்தனை பேர் என்னிடம் அப்படிக் கெஞ்சியிருப்பார்கள்! சின்ன மேடம் தலையசைத்தார்.

கட்டட நிறுவனத்தின் ஆர்க்கிடெக்ட் சிரித்த முகமாகவே சொன்னார்: "அம்மாவுக்குப் பழைய ஞாபகம். பாவம்." பாவமாம்! ஆனாலும் தோண்டிப் பார்த்துவிடலாம் என்று முடிவானது.

ஏப்ரல் 2, புதன்

பொக்லைன் வந்தது. அண்ணனும் வந்தார், திட்டிக்கொண்டே. வீடு இல்லை, தொட்டி இல்லை, முள்ளும் செங்கல் பொடியும்தான். ஓரமாக நின்று கொஞ்சம் அழுதேன், சொன்னால் என்ன?

பிறகு கேட்டருகே நின்று வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் காட்டினேன். தோண்டினார்கள். மண். இன்னும் நாலடி தள்ளி. மண். மூன்றாவது இடம், மறுபடியும் மண். ஆர்க்கிடெக்ட் மணி பார்த்தார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. கிணறே இல்லையோ? நானே கட்டிவிட்ட கதையோ?

அண்ணன்தான் கத்தினார். "ஏய் பாப்பா! எந்தப் பக்கம் பாத்து நிக்கிறே? நாம வீட்டு வாசல்ல நின்னு கேட்டைத்தானே பாப்போம்!"

ஐயோ! அத்தனை பேர் முன்னாலும் பின்பக்கம் நடந்து போய், வீடு இருந்த இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். கேட்டைப் பார்த்தேன். இடது கையை நீட்டினேன். வரைபடத்தில் அது வலது பக்கம் – ஆம்புலன்ஸ் ஏறி வரும் ராம்ப், நேராக அதன் அடியில்.

இரண்டடியில் 'டங்'கென்றது. மண்ணை ஒதுக்கினால் பலகை, அதில் ஒரு செருப்புத் தடம். ஈரம் காய்வதற்குள் அண்ணன் மிதித்தது. "இதுக்குத்தான் அன்னிக்கு அப்பா முதுகுல போட்டாரு" என்று பக்கத்தில் தன் காலை வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு முள் குத்திவிட்டது என்றார். காலிலா, கண்ணிலா என்று கேட்டேன்.

ஆர்க்கிடெக்ட் விரிசல் வழியாக ஒரு கல்லைப் போட்டார். சத்தம் வர நேரமாயிற்று. அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை.

மே 20, செவ்வாய்

மெமோ எச்சரிக்கையோடு முடிந்தது. வளாகத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ராம்ப் மறுபக்கம் மாறியிருக்கிறது. திருத்திய வரைபடத்தைச் சர்வேயர் காட்டினார்: சின்ன வட்டம், பக்கத்தில் 'பழைய கிணறு, தூர்க்கக் கூடாது'. ஐஸ் கம்பெனியிலிருந்து தாளுக்கு வந்து சேர்ந்தது அது ஒன்றுதான். அப்பா பார்த்திருக்கலாம்.

ஜூன் 17, செவ்வாய்

புதுக் கோப்பு. திருமண மண்டபம், சர்வே எண் 87. முதல் தாளை வரி விடாமல் படித்தேன். பிறகு வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"என்னக்கா, படம் புரியலையா?" என்றார் சர்வேயர்.

"இங்க யாரு வீடு இருந்துச்சுன்னு பாக்கறேன்."

நாளைக்கு நேரில் போய் அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டு வருகிறேன். கையெழுத்து அப்புறம்.