இடுப்பு உயரம்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். போனில் பேசலாம் என்று இரண்டு தடவை உன் நம்பரைப் போட்டேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். பதினாலு வருஷம் கழித்து எந்த முகத்தோடு பேசுவது?

எனக்குப் பையன் பிறந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. சுண்டுவிரல் மாதிரி இருக்கிறான் என்று அவன் அம்மா ‘சுண்டு’ என்றே கூப்பிடுகிறாள். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். அவளுக்குத் தையல் இன்னும் ஆறவில்லை. குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதுவரை ஈரத்துணி மாற்றுவதெல்லாம் நான்தான், தரையில் பாய் விரித்து. இன்னும் பத்து நாளில் லீவு முடிகிறது. அப்புறம் பகல் முழுக்க அவள் தனியாக இருப்பாள்.

“அந்த டிராயர் அலமாரி மேல போட்டு மாத்திக்கிறேன். இடுப்பு உயரந்தானே? இதுக்கு ஏன் இப்படி முழிக்கிறீங்க?” என்கிறாள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். காலுக்குக் கீழே பதினெட்டு மாடிப் பள்ளம் இருக்க, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போல்ட் முடுக்குகிறவன். அந்த அலமாரியைப் பார்த்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. அன்றைக்கு உன் தையல் மேசையிலிருந்து உன் பாப்பா விழுந்த கதையை அவளிடம் நான் சொல்லவே இல்லை. பார்த்துக்கொள்ள வேண்டியவன் நான்தான் என்று தெரிந்தால் சுண்டுவை என் கையில் கொடுப்பாளா?

எப்படி வைத்தால் விழாது அக்கா? வேறு யாரிடம் கேட்பேன்?

உன் தம்பி

ஜூன் 9

என் அருமைத் தம்பிக்கு,

மருமகன் பிறந்ததை இருபத்திரண்டு நாள் கழித்தா சொல்வது? யார் ஜாடை என்றுகூட எழுதவில்லை. போகட்டும், பெற்றவளும் பிள்ளையும் சுகமாக இருந்தால் போதும்.

அலமாரியை மூலைக்குத் தள்ளு. இரண்டு பக்கம் சுவர் வந்துவிடும். இரும்புப் பட்டை போட்டுச் சுவரோடு திருகிவிடு. இழுப்பறையை இழுத்தால் முன்னால் சாயக் கூடாது. மேலே வழுக்காத ரப்பர் விரிப்பு, அதன் மேல் மெத்தை. மெத்தையை நானே தைத்துப் பார்சலில் அனுப்புகிறேன், ஓரமெல்லாம் நாலு விரல் உயரம் வைத்து. துணி, பஞ்சு, எண்ணெய் எல்லாம் மேல் இழுப்பறையில் இருக்கட்டும். பிள்ளையைப் படுக்க வைக்கும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். படுக்க வைத்த பிறகு ஒரு கை அவன் வயிற்றில்தான். கதவைத் தட்டினாலும் சரி, வீடே தீப்பிடித்தாலும் சரி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் நகர வேண்டும். மெத்தை ஓரத்தை நம்பாதே. நான் தைத்தது என்பதற்காக நம்பிவிடாதே.

உன் மருமகள், அந்தப் பாப்பா, இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். நன்றாக இருக்கிறாள். பழசையெல்லாம் கிளறாதே.

அக்கா

ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

மெத்தை வந்தது. அளவு கச்சிதம். பட்டையை ஆறு திருகு போட்டு இறுக்கி, நானே தொங்கிப் பார்த்தேன். “யானையையா கட்டப் போறீங்க?” என்று அவள் சிரித்தாள், தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையில் மணிக்கொரு தடவை போன் செய்கிறேன். அவள் எடுக்க நேரமானால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி அடிக்கிறேன்.

நேற்று சாயங்காலம் அலமாரி மேல் சுண்டுவுக்கு நான் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். சமையலறையில் ஏதோ தட்டு விழுந்தது. நான் திரும்பினேன், அவ்வளவுதான். சுண்டு காலை உதைத்து ஒரு சாண் நகர்ந்துவிட்டான். கை வயிற்றில் இருந்தது, விழவில்லை. ஆனால் அவனைத் தூக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்க முடியவில்லை. அவள் வந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “அக்கா கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சா?”

அன்றைக்கு நான் குளியலறையில் இருந்தேன் அக்கா. “டேய், பாப்பாவப் பாத்துக்கோ” என்று உன் குரல் இப்போதும் கேட்கிறது. அன்றைக்கே கேட்டதா, நீங்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லிப் பிறகு வந்ததா? கேட்டும் மெத்தனமாக இருந்தேனா? எனக்குத் தெரிய வேண்டும்.

தம்பி

ஜூலை 6

என் தம்பிக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட வேண்டும்.

உனக்குக் கேட்கவில்லை. கேட்டிருக்க முடியாது. குழாய் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. இரண்டும் எனக்குத் தெரியும். வாசலில் ஒருத்தி ரவிக்கை வாங்க வந்திருந்தாள். அவளுக்கு அவசரம். நான் பேருக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டு, பாப்பாவை மேசையில் விட்டுவிட்டுப் போனேன். ஒரு நிமிஷம் என்று நினைத்தேன். ரவிக்கையின் கை இறுக்கிப் பிடிக்கிறது என்றாள் அவள், பேசிக்கொண்டே நின்றேன். சத்தம் கேட்டது.

ஈரக் கையோடு ஓடி வந்து முதலில் தூக்கியவன் நீ. அதனால்தான் மாமியார் வரும்போது குழந்தை உன் கையில் இருந்தது. “யாரு பாத்துக்கிட்டிருந்தா?” என்று கத்தினார். “தம்பிகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்” என்றேன். பயம். வாழ வந்த வீட்டில் பிள்ளையைக் கொன்றவள் என்று பேர் வாங்கிவிடுவேனோ என்ற பயம். அத்தான் உன்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியபோது நான் ஆஸ்பத்திரிப் பையை அடுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பிள்ளை பிழைத்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். பிழைத்தாள். சொல்லவில்லை.

உன் அக்கா

ஆகஸ்ட் 12

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது.

பத்தொன்பது வயதில் என்னை வெளியே தள்ளினார்கள். அதன் பிறகு எந்த வீட்டிலும் நான் ஒரு குழந்தையைத் தூக்கியதில்லை. சுண்டுவைத்தான் முதலில் தூக்கினேன்.

உன் மகளிடம் என்ன சொல்லி வளர்த்திருக்கிறாய்? மாமாதான் கீழே போட்டார் என்றா? அவளிடம் உண்மையைச் சொல். அத்தானிடமும் சொல். சொல்லிவிட்டு எழுது. அதுவரை எழுத வேண்டாம்.

ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

சொல்லிவிட்டேன். இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொன்னேன். அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். வந்தும் பேசவில்லை. இன்றோடு ஐந்து நாள்.

மகள் கேட்டாள்: “அப்ப மாமா ஏம்மா ஒண்ணுமே சொல்லாம போனாரு?” நான் கூப்பிட்டது காதில் விழுந்ததா என்று அவருக்கே தெரியாது என்றேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காலையில் வெளியே வந்து உன் விலாசத்தைக் கேட்டாள். சுண்டுவைப் பார்க்க வேண்டுமாம். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறாள், தனியாக. அத்தானே டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். நீ கூப்பிடாமல் நான் வர மாட்டேன்.

உனக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அவள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அன்று விழுந்ததில் அவளுக்கு இடது காது போய்விட்டது. பஸ் நிலையத்தில் இரைச்சலாக இருக்கும். தயவுசெய்து வலது பக்கமாக நின்று கூப்பிடு. திரும்பிப் பார்க்கவில்லை என்றால் கோபம் என்று நினைத்துவிடாதே. இன்னும் ஒரு தடவை கூப்பிடு.

அக்கா