கிழியாத தூளி

என் ஆசை மருமகனே, காத்தமுத்து,

இம்புட்டும் நடக்கும் என்று நான் முதலிலேயே சொன்னேன். மலேரியா வேலைக்குச் சிறுமலை போகிறேன் என்று நீ வந்து நின்ற அன்றைக்கே சொன்னேன்: ஏறுவதுதான் மனுஷன் இஷ்டம், இறங்குவது மலையின் இஷ்டம் என்று. சாட்சிக்கு உன் ஆத்தா இருக்கிறாள். சேரும் வீசையும் போய்க் கிலோ வரும் என்று திண்டுக்கல்லில் முதலில் சொன்னவனும் நான்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டதே தவிர, நான் எதையும் விட்டவனில்லை.

நீ போய் இந்த ஆடியோடு ஒரு வருஷம். நேற்று உன் திவசம் முடிந்தது. காக்கைக்குச் சோறு வைத்ததும் ஒன்று இறங்கி வந்து எடுத்தது. நீதான் என்று உன் ஆத்தா கும்பிட்டாள். உனக்கு அவரைக்காய் வெஞ்சனம் ஆகாது. காக்கை அதைத்தான் முதலில் கொத்தியது. அவளோடு நானும் கும்பிட்டேன்.

நாளைக் காலையில் உன் ஆத்தா மலை ஏறப் போகிறாள். அதற்காகத்தான் இந்தக் கடுதாசி. ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஊரும் கேட்டுக்கொள்ளட்டும். மாமன் வாங்கிக் கொடுத்த தூளி கிழிந்துதான் பயல் செத்தான் என்று இன்னும் சிலர் பேசுகிறார்கள். அந்தத் தூளியை நாம் எப்படித் தேடினோம் என்று உனக்கும் எனக்கும்தானே தெரியும்?

நான் எடை போடும் புகையிலைக் கிட்டங்கிக்கு நீ வந்தாய். தோளில் பை. அதற்குள் ஊசி, காய்ச்சல்காரர்களின் ரத்தம் தடவும் கண்ணாடித் துண்டுகள், மாத்திரை, அரிசி, அரிக்கேன் விளக்கு. தோட்டம் தோட்டமாக, குடிசை குடிசையாக நடந்து, போகிற இடத்தில் முடங்கிக்கொள்கிற வேலை.

“மாமா, தரையில படுக்க முடியல. அட்டையும் தேளுமா இருக்கு. கட்டிலத் தூக்கிட்டா மலை ஏற முடியும்? ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டித் தொங்குற மாதிரி ஒண்ணு வேணும். மடிச்சா துண்டு கணக்கா இருக்கணும். கீழ ஒரு பலம் எடை இருக்கறது மேல போகப் போக ஒரு வீசையாயிருது.”

எடை பற்றி என்னிடம் வந்து கேட்டாய் பார், அங்கேதான் நீ என் மருமகன். புகையிலைச் சிப்பத்தைக் கையில் வாங்கினாலே நான் எடை சொல்வேன். தராசு என்னைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்று முதலாளியே சொல்லியிருக்கிறார்.

முதலில் சந்தைக்குப் போனோம். பட்டாளத்துப் பழைய சாமான் விற்கிறவன் காக்கி நிறத்தில் ஒரு தொங்குபடுக்கையை எடுத்து உதறினான். கித்தான் துணி, ஓரமெல்லாம் பித்தளை வளையம்.

“இதுல வெள்ளக்காரத் துரை படுத்திருக்காரு, அண்ணாச்சி.”

“துரை படுத்தாரு, சரி. தூக்கிட்டு நடந்தது யாருப்பா?”

நீ சிரித்தாய். காய்ந்திருக்கும்போதே அது ஒரு ஆட்டுக்குட்டி கனம் கனத்தது. மழையில் நனைந்தால் ஆடு. கடைக்காரன் விடவில்லை. ஆகாயத்திலிருந்து குதிக்கிறவர்களின் குடைத்துணி என்று வழவழப்பாக இன்னொன்றை எடுத்தான். கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. உன் கண் அதிலேயே நின்றுவிட்டது. நான் ஒரு முடிச்சுப் போட்டு இழுத்தேன். நழுவிக்கொண்டு வந்தது. பீடி நெருப்பைக் கிட்டே கொண்டுபோனேன். பயந்த புழுவைப்போலச் சுருண்டது. கடைக்காரன் வைத வசவு உனக்கு நினைவிருக்கும். இங்கே எழுத முடியாது.

பிறகு ஆத்தூர் அணைக்குப் போனோம். மீன்வலை பின்னுகிறவர்களிடம் ஆள் படுக்கிற அளவுக்கு ஒன்று கேட்டோம். மடித்தால் ஒரு கைக்குள் அடங்கிவிட்டது. கரையில் இருந்த இரண்டு மரத்தில் கட்டி, பரீட்சைக்கு நானே ஏறிப் படுத்தேன். என்னைப் பார்க்க அணைத் தண்ணீரே கரைக்கு வந்தது. எழுந்தபோது முதுகெல்லாம் சதுரம் சதுரமாகத் தடம்.

“அண்ணாச்சி, இம்புட்டுப் பெரிய விரால் இந்த அணையில இதுவரைக்கும் மாட்டல” என்றான் வலைக்காரன். நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். உன் சிரிப்பை நான் கடைசியாக முழுசாகக் கேட்டது அங்கேதான். வலை வேண்டாம் என்றேன். மலைக் குளிர் அடியிலிருந்து ஏறும்.

கடைசியில் சின்னாளபட்டி. சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுமுன் இருக்கிற வெள்ளைத் துணியைப் பார்த்தேன், பிடித்துவிட்டது. கஞ்சி போடாமல், நூலை இரட்டையாக விட்டு, நெருக்கி நெய்யச் சொன்னேன். தறிக்காரர் தயங்கினார். நான் தறியில் உட்கார்ந்து காட்டியதும் ஒத்துக்கொண்டார். தேங்காய் நார்க்கயிறு தண்ணீர் குடித்துக் கனக்கும் என்று பருத்திக் கயிறாகவே திரித்தோம். எல்லாம் சேர்த்து உன் பையில் ஒரு வேட்டி அளவுக்குத்தான் இடம் பிடித்தது.

உன் ஆத்தாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டே சத்தம் போட்டாள்.

“வளந்த பயலுக்கு என்னண்ணே தூளி? மலையில கம்புல துணியக் கட்டி யாரைத் தூக்கிட்டு வருவாகன்னு ஒனக்குத் தெரியாதா?”

“ஏத்தா, வாயக் கழுவு. இது தூங்குறதுக்கு.”

“அதுவும் தூங்குறதுதான்.”

கொல்லையில் வேம்புக்கும் புளிக்கும் நடுவே கட்டினோம். அம்மிக்கல்லை மடியில் வைத்துக்கொண்டு நான் ஏறினேன். துணி முனகவில்லை. கயிறு இளகவில்லை. முடிச்சை நீ ஒருமுறை, நான் ஒருமுறை அவிழ்த்துக் கட்டினோம். துணியைச் சோதித்தோம், கயிற்றைச் சோதித்தோம், எடையைச் சோதித்தோம். மரத்தைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் வேம்பு, புளி, தென்னை. பிடுங்கினாலும் வராத சாதி. மரம் என்றால் நிற்கும் என்றுதானே நாம் வளர்ந்தோம்?

வாழைத்தார் சுமந்து இறங்கியவர்கள்தான் சேதி கொண்டுவந்தார்கள். நான் எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. ஒரே மூச்சில் ஏறியதாக ஊரில் சொல்லிக்கொள்கிறேன். மேலே காப்பித் தோட்டத்து ஓரத்தில் அந்த மரம் கிடந்தது. அதற்குப் பக்கத்தில், சாக்கால் மூடி, நீ.

தோட்டத்து ஆள் ஒருவர் மரத்தை எனக்குக் காட்டினார். அடி முதல் நுனி வரை மிளகுக்கொடி, பச்சைப்பசேலென்று. கொடியை விலக்கினார். உள்ளே மரம் உளுத்துக் கிடந்தது. விரலால் தொட்டேன், மாவாகக் கொட்டியது.

“கொடிதான் பச்சைங்க. மரம் செத்துப்போயி நாளாச்சு. தம்பி இலையப் பாத்து, உசுரோட இருக்குதுன்னு நம்பிட்டாருங்க” என்றார். ஆடிக் காற்றில் அது முறிந்து உன் இடுப்பின்மேல் விழுந்திருக்கிறது. துணி உனக்கு அடியில் அப்படியே இருந்தது. ஒரு இழை போகவில்லை. முடிச்சுகூட அவிழவில்லை, காத்தமுத்து. நாம் கட்டிப் பார்த்த அதே முடிச்சு.

அந்தத் துணியிலேயே உன்னைக் கிடத்தி, மூங்கிலில் கட்டி, நாலு பேர் முறை மாற்றித் தூக்கினார்கள். நானும் தோள் கொடுத்தேன். எத்தனையோ ஆயிரம் சிப்பத்துக்கு எடை சொன்னவன் நான். மலையடிவாரம் வரைக்கும் உன் எடை என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு உன் ஆத்தா என்னோடு பேசவில்லை. குழாயடியில் யாரோ தூளி கிழிந்துபோச்சு என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் சோறு வைப்பாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளும் சாப்பிடவில்லை. உன் அய்யா போனபோதுகூட இரண்டு வாய் தின்றவள், இப்போது கஞ்சித் தண்ணீரில் உயிரை வைத்திருந்தாள். கன்ன எலும்பு இரண்டும் வெளியே வந்துவிட்டது. அடுத்து இவளைத் தூக்க வேண்டியதுதான் என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அந்தத் துணியைக் கொண்டுபோய் அவள் முன்னால் போட்டேன். “கிழிச்சுப் பாரு. நீயே கிழிச்சுப் பாரு” என்றேன். ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். இழுத்தாள், இழுத்தாள், கை சிவந்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

“அப்ப மரம் இடுப்புல விழுந்ததும் உசுரு போகலியோ? செத்த நேரம் இருந்தானோ? பக்கத்துல யாராச்சும் இருந்தாகளாண்ணே?”

நான் சொன்னேன். தோட்டத்துக் குடிசையில் செல்லாயி என்று ஒருத்தி இருக்கிறாள், மரம் முறிந்த சத்தம் கேட்டு மழையில் விளக்கோடு ஓடி வந்தாள், மரத்தைப் புரட்ட முடியாமல் உன் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள் என்று சொன்னேன். வெந்நீர் ஆற்றி ஊட்டினாள். நீ இரண்டு மடக்குக் குடித்தாய். ‘எங்க ஆத்தாகிட்டச் சொல்லுங்க’ என்றாய். அப்படியே தூங்கினாய். வலியே தெரியவில்லை.

அன்று மாலை உன் ஆத்தா சோறு தின்றாள். என்னை அண்ணே என்று கூப்பிட்டாள். அப்புறம் தினமும் கேட்பாள். அந்தப் பொம்பளைக்குப் பிள்ளை குட்டி உண்டா? உண்டு, ஒரு மகன். மூக்குத்தி போட்டிருப்பாளா? ஒற்றைக்கல். என்ன சேலை? நைந்த பச்சைச் சேலை. எதைக் கேட்டாலும் என்னிடம் பதில் இருந்தது. அன்றிலிருந்து உன் ஆத்தாவின் வயிற்றில் இறங்கும் சோறெல்லாம் அந்தச் செல்லாயி ஊட்டுவதுதான்.

நேற்றுத் திவசம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து புதுச் சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்தாள். அரக்கு நிறம்.

“நாளைக் கழிச்சு விடியக் கெளம்புறோம்ணே. எம்புள்ள வாயில தண்ணி ஊத்துனவளுக்கு இதக் கட்டிவிட்டு, அவ காலுல விழுந்து எந்திரிச்சாத்தான் எனக்குக் கட்டை வேகும்.”

“ஒனக்கு முழங்கால் வலி. மேல அட்டை கடிக்கும். காட்டெருமை வேற.”

“எருமை வந்தா ஒன்னைய முன்னால விட்டுர்றேன். பேசியே வெரட்டிருவ.”

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல் அது. இப்போது உள்ளே பொரிகடலையும் வெற்றிலையும் மடித்துக்கொண்டிருக்கிறாள். நான் இங்கே தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மருமகனே, செல்லாயி என்று ஒருத்தி கிடையாது. குடிசை உண்டு, ஆனால் ஆள் இல்லாத குடிசை. மூக்குத்தி, வெந்நீர், மடி, நீ சொன்ன வார்த்தை எல்லாம் நான் செய்தது. விடிந்து வேலைக்கு வந்தவர்கள்தான் உன்னைப் பார்த்தார்கள். அதுவரைக்கும் உன் பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. உன் குதிகால் இருந்த இடத்தில் சேறு உழுதது மாதிரித் தடம் இருந்தது. எவ்வளவு நேரம் நீ உதைத்துக்கொண்டு கிடந்தாய் என்று அந்தத் தடம் சொன்னது. மற்றவர்கள் மூங்கில் வெட்டப் போனபோது அதை நான் என் காலால் மூடினேன்.

உன்னிடம் சத்தியம் செய்கிறேன். மலையில் முதல் அடி வைக்கும் முன் அவளை அடிவாரத்தில் உட்காரவைத்து இதைச் சொல்வேன், ஒரு வார்த்தை கூட்டாமல். அவள் அழுதால் இருப்பேன், அடித்தால் வாங்கிக்கொள்வேன். மறுபடியும் சோற்றைத் தள்ளினால் அந்தத் தட்டுக்கு எதிரே நானும் பட்டினியாக உட்காருவேன். அதற்குமேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, அப்பு.

உன் ஆத்தாவோடு கூடப் பிறந்தவன்,
உன் தாய்மாமன்
சங்கிலிமுத்து
திண்டுக்கல்