பாதிக் கயிறு

ஜூன் 9

மூட்டைக்கு,

வந்து சேர்ந்து எட்டு நாள் ஆகிறது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "ம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கிணற்றுக்குள் கத்துவது போல இருக்கிறது எனக்கு. அதனால் கடிதம். நீயும் எழுது. "ம்" என்று மட்டும் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்கும்.

இந்த ஊர் தட்டை. யாரோ இஸ்திரி போட்டு வைத்த மாதிரி. முதல் நாள் பேருந்து ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டே வந்தேன், எங்கேயாவது ஒரு மேடு தெரியாதா என்று. ஒரு மேம்பாலம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் அதன் மேல் நடந்துபோய்க் காற்று வாங்குகிறார்கள்.

அறை நான்காவது மாடியில். லிஃப்ட் இருக்கிறது, நான் படியில்தான் போகிறேன். வீட்டுக்காரம்மா இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கேட்டார்: "லிஃப்ட்னா பயமாம்மா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து எனக்காக ரொம்ப வருத்தப்படுகிறார்.

வேலை பரவாயில்லை. காலையில் ஆய்வகத்துக்கு நாற்பது குழாய்களிலிருந்து நாற்பது குப்பித் தண்ணீர் வரும். சாயங்காலத்துக்குள் எது குடிக்கலாம், எது கூடாது என்று சொல்ல வேண்டும். இங்கே தண்ணீர்கூட மேலிருந்து விழுவதில்லை. பம்ப் வைத்துத் தள்ளுகிறார்கள்.

கைதான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. வங்கியில் வரிசையில் நின்றபோது பக்கத்துத் தூணில் ஒரு வெடிப்பு. விரல் தானாக உள்ளே போய்விட்டது. காவலாளி இருமினார்.

ஏறுவதற்கு இடமே இல்லை என்று நினைக்காதே. பழைய கிடங்கு ஒன்றுக்குள் பன்னிரண்டு மீட்டர் சுவர் கட்டி, பிளாஸ்டிக் பிடிகளைத் திருகி வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் சப்பித் துப்பிய மிட்டாய் மாதிரி கலர் கலராக. கயிறு அவர்களுடையது. கீழே நின்று அதைப் பிடிப்பதற்கு அங்கே வருகிறவர்கள் யாராவது. எனக்குக் கிடைத்திருப்பவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். நல்லவள்தான். ஆனால் ஏறுவதற்கு முன் என் முடிச்சைக் கண்ணால் மட்டும் பார்க்கிறாள். தொடுவதில்லை. உன்னைப் போல "பார்த்தாச்சு" என்று சொல்வதில்லை. யாரும் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இரண்டு காலையும் தரையிலிருந்து எடுப்பது எவ்வளவு சிரமம் என்று உனக்குத் தெரியாது. நீ எடுத்ததில்லையே.

நம் கயிற்றில் என் பாதி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. வெட்டிய முனையில் உன் கண்ணாடிக் கடையின் வாசம் இன்னும் இருக்கிறது. சூட்டுக் கத்தி, கருகிய நைலான்.

ஆறு மாதம்தான். டிசம்பரில் வந்து நம் பெரிய பாறையின் மூக்கை முடிக்கிறேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறை வெளியே துருத்திக்கொண்டிருக்கும் அந்த இடம் தினமும் கனவில் வருகிறது. பதினோரு தடவை விழுந்திருக்கிறேன் அதில். கீழே நீ அண்ணாந்து நிற்கிறாய் என்று தெரிந்தால்தான் எனக்கு ஒழுங்காக விழவே வரும்.

மேலிருந்து (நான்காவது மாடி),
பல்லி


ஜூன் 28

பல்லிக்கு,

ம்.

(வெட்கமாக இல்லை. ஆனாலும் மீதியை எழுதுகிறேன்.)

அம்மா தினமும் கேட்கிறாள். "அந்த ஊர்ல மலையே இல்லையாமே? அப்புறம் எதுக்குடா போனா?" வேலைக்கு என்றேன். "ஏன், இங்க தண்ணி இல்லையா?" என்றாள்.

கடையில் கூட்டம் இல்லை. நேற்று ஒருவர் வந்து, மனைவி முகம் மட்டும் மங்கலாகத் தெரிகிறது என்றார். சோதித்துப் பார்த்தேன். கண் நன்றாகவே இருந்தது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதே. எதிர்ப் பேக்கரிக்காரர் நீ போன நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். "உங்க கூட வர்ற பொண்ணுதான் ஊருக்குப் போயிடுச்சே, என்னைக் கூட்டிட்டுப் போங்க." நாற்பத்தைந்து வயது, மாவு பிசைந்து பிசைந்து கை இரண்டும் உலக்கை. இரண்டு ஞாயிறு குட்டிப்பாறையில் ஏற்றிப் பார்த்தேன். பல்லி இல்லை, உடும்பு. பிடித்தால் விடுவதில்லை. மூன்றாவது ஞாயிறு பெரிய பாறைக்குப் போனோம். மூக்குப் பக்கம் போகவில்லை. இடது பக்கம் அந்தச் சுலபமான விரிசல்.

அரை மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விட்டார். அங்கே பாறையில் அடித்திருக்கும் சங்கிலியில் கயிற்றைக் கோத்துவிட்டு "இறக்குங்க" என்று கத்தினார். இறக்கினேன். நாலு மீட்டர்கூட இறங்கியிருக்க மாட்டார். என் இடுப்புக் கொக்கியில் ஏதோ டக்கென்று முட்டி நின்றது. குனிந்து பார்த்தேன். வால்முடிச்சு, கயிற்றின் கடைசி நுனியில் போட்டது.

கயிறு தீர்ந்துவிட்டது.

மேலே போக இருபத்தாறு மீட்டர், திரும்பக் கீழே வர இருபத்தாறு. ஐம்பத்திரண்டு வேண்டும். கையில் இருப்பது முப்பது. கண்ணாடி பவரில் கால் பாயிண்ட் பிசகினால் கண்டுபிடிக்கிறவன் நான். சுருட்டிப் பையில் கிடந்த கயிறு பாதிதான் என்று உறைக்கவே இல்லை. நாம் இரண்டு பேரும் நின்று வெட்டினோமே, ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? அறிவு கெட்ட ஜென்மங்கள்.

அந்தரத்தில் தொங்கிக்கொண்டு அவர் கேட்டார்: "யோவ் கண்ணாடிக்காரரே! மீதிக் கயிறு எங்கய்யா?"

வேறு ஊரில் இருக்கிறது என்றேன்.

"வர எவ்ளோ நேரம் ஆகும்?"

பிறகு அந்த நாலு மீட்டரையும் திரும்ப ஏறி, உச்சியைத் தாண்டி, பின்பக்கத்து ஆட்டுப்பாதையில் நடந்தே இறங்கி வந்தார். சிரித்துக்கொண்டுதான் வந்தார். நான்தான் ராத்திரி வரை அந்த முப்பது மீட்டரைத் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தேன். அந்த முடிச்சு மட்டும் இல்லையென்றால் வால் என் கையை விட்டு ஓடியிருக்கும். அவர் விழுந்திருப்பார். இருபது மீட்டருக்கு மேல்.

"வாலைக் கட்டாம நான் ஒரு அடி ஏற மாட்டேன்" என்று முதல் நாளே அடம்பிடித்தவள் நீ. ஒன்பது வருடப் பழக்கம். யோசிக்காமல் கட்டியிருக்கிறேன்.

புதுக் கயிறு வாங்கலாமா என்று பார்க்கிறேன். உன்னிடம் கேட்காமல் வாங்க மனசில்லை.

கீழிருந்து,
மூட்டை


ஜூலை 14

மூட்டைக்கு,

உன் கடிதத்தை ஆய்வகத்தில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு ஒரே குப்பியை மூன்று தடவை சோதித்தேன்.

எனக்குத் தெரியும்.

வெட்டும்போதே தெரியும். நீ "நீயே எடுத்துட்டுப் போ" என்றாய். நான் "நீயே வச்சுக்கோ" என்றேன். நாலு தடவை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ளினோம். அப்புறம் நான்தான் சொன்னேன், "வெட்டிடலாம்." நீ சிரித்தாய். நடுவில் கறுப்பு மையால் போட்டிருந்த கோட்டை நீ கத்திக்குக் கீழே கொண்டுவந்தபோது என் மனதில் கயிறு முப்பது, ஏறி இறங்கப் பதினைந்து என்று ஓடியது. பதினைந்து மீட்டரில் மூக்கு இல்லை. உன் பாதியாலும் முடியாது, என் பாதியாலும் முடியாது. அது எனக்குப் பிடித்திருந்தது.

உனக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். தெரிந்தும் பேசாமல் வெட்டுகிறாய் என்று நினைத்தேன். அந்த நினைப்பை வைத்துக்கொண்டுதான் இங்கே ஒன்றரை மாதம் இருந்தேன்.

பாறை காத்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். நீ வேறு ஒருவரை அங்கே கூட்டிப்போவாய் என்பது என் கணக்கில் இல்லை. எவ்வளவு திமிர் பார். என் இடம் காலியாகவே இருக்கும் என்று எப்படி நம்பினேன்?

ஒரு மனிதர் விழுந்திருப்பார். நான் வாயைத் திறக்காததால்.

பேக்கரிக்காரரிடம் சொல்லிவிடு. என்னைப் பற்றி அவர் என்ன நினைத்தாலும் சரி. புதுக் கயிறு வாங்கிக்கொள். கேட்க வேண்டியதில்லை. நீ அனுமதி கேட்கும் இடத்தில் நான் இல்லை.

பல்லி


ஆகஸ்ட் 20

மூட்டைக்கு,

ஐந்து வாரம். தபால்காரர் என்னைக் கண்டதும் இப்போது தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிடுகிறார், இல்லை என்று. நான் வீணாகப் படியிறங்கி வரக் கூடாதாம்.

பதில் வேண்டும் என்று எழுதவில்லை. ஒரு செய்தி, அதை வேறு யாரும் உனக்குச் சொல்லிவிடக் கூடாது.

வேலையை நிரந்தரமாக்குகிறோம் என்கிறார்கள். மேலதிகாரி அம்மா என் கையைப் பார்த்துக் கேட்டார், "இது என்னம்மா, இப்படிக் காய்ச்சுப் போயிருக்கு?" பாறை என்றேன். "இந்த ஊர்ல ஏது பாறை?" என்றார். அப்போதுதான் கவனித்தேன். காய்ப்பு உரிந்துகொண்டு வருகிறது. அடியில் புதுத்தோல், இளஞ்சிவப்பாக, யாருடைய கையோ போல.

சரி என்று சொல்லிவிட்டேன். டிசம்பரில் திரும்பி வர மாட்டேன்.

போன வாரம் கிடங்குச் சுவரில் ஏறி, உச்சியைத் தொட்டுவிட்டுக் கீழே பார்த்தேன். பேருந்து ஓட்டுகிறவள் ஒழுங்காகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, என்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். எந்தக் குறையும் இல்லை. அப்படியே தொங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். "என்னாச்சு, பிடி கிடைக்கலையா?" என்று கேட்டாள்.

இறங்கி வந்து, என் முடிச்சைத் தொடச் சொன்னேன். தொட்டாள். அந்த வார்த்தையையும் சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைத்தேன். சொல்லிக்கொடுக்கவில்லை. அது உன்னுடையது.

தரையிலிருந்து,
பல்லி


செப்டம்பர் 21

பல்லிக்கு,

முதல் மூன்று வாரம் கோபம். உன் கடிதத்தைக் கடையில் உடைந்த ஃப்ரேம்களைப் போடும் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். அதற்குப் பிறகு கோபம் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் கிடந்தேன். போனில் வரும் அதே வியாதி.

பேக்கரிக்காரரிடம் சொன்னேன். அடுப்புக்கு முன்னால் நின்று முழுவதும் கேட்டார். அப்புறம் சொன்னார்: "உங்க ரெண்டு பேரு ஊடலுக்கு நான் ஏன்யா தொங்கணும்?"

ஊடல் எல்லாம் இல்லை என்றேன்.

"பின்ன எதுக்கு கயித்தை வெட்டுனீங்க?"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கடைப் பையனை அனுப்பாமல் தானே வந்து, ஒரு பன்னை மேசையில் வைத்துவிட்டுப் போனார். உனக்கும் ஒன்று அனுப்பச் சொன்னார். கல்லாகிவிடும் என்றேன். "அந்தப் பொண்ணுக்குக் கல்லுதானே வேணும்" என்றார்.

புதுக் கயிறு வாங்கிவிட்டேன். அறுபது மீட்டர், நீலம். அவரும் நானும் சேர்ந்து. முறைப்படி சொல்லிவிட்டேன்.

நீ ஒன்றைச் சொன்னதால் நானும் ஒன்றைச் சொல்கிறேன். ஒன்பது வருடமாக, எடை அதிகம் அதனால் ஏறவில்லை என்று சொல்லி வந்தேன். நீயும் மூட்டை என்று பேர் வைத்துவிட்டாய். எடை இல்லை. பயம். முதல் வருடம் நீ வராத ஒரு நாள், தனியாகக் குட்டிப்பாறையில் மூன்று மீட்டர் ஏறினேன். கால் தையல் மிஷின் மாதிரி அடித்துக்கொண்டது. இறங்கி வந்து, பிடிக்கிற வேலையே நமக்குச் சரி என்று முடிவு செய்தேன். உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அந்த வசதியும் இருந்தது.

இப்போது கவனமாகப் படி. பதினைந்து மீட்டரில் மூக்கு இல்லை என்று எழுதியிருந்தாய். பாதிக் கணக்குதான் போட்டிருக்கிறாய். நீலக் கயிறு இல்லாமலே முடியும். நான் கடையில் நூலை வைத்து, ஃப்ரேம் ஸ்டாண்டில் கட்டி, மூன்று நாள் பார்த்தேன். நீ உன் பாதியைக் கட்டிக்கொண்டு மூக்கில் ஏறு. நான் கீழே பிடிக்கிறேன். ஏறுவதற்கு மட்டும் என்றால் முப்பது தாராளம். உன்னை இறக்கத்தான் முடியாது. சரி, இறங்காதே. மேலேயே உட்கார். அங்கிருந்து என்னை நீ பிடி. நான் என் பாதியை முதுகில் சுமந்துகொண்டு அந்தச் சுலபமான விரிசலில் வருகிறேன். உச்சியில் இரண்டு பாதியையும் முடிச்சுப் போட்டுச் சங்கிலியில் தொங்கவிட்டால் இரண்டு வாலும் தரையைத் தொடும். இறங்கிவிடலாம். நீ முதலில், அப்புறம் நான். அல்லது மாற்றி.

ஒரே ஒரு சிக்கல். இந்த முறையில் கீழேயே நிற்க யாருக்கும் இடம் இல்லை.

வேலையை விடாதே. நீ சோதித்த தண்ணீரை ஓர் ஊரே குடிக்கிறது, அது சின்ன விஷயமா? திரும்பி வா என்று நான் எழுதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வா. எந்த ஞாயிறு என்று நீ சொல். ஆனால் உடனே சொல்லாதே. எனக்கு இன்னும் நாள் வேண்டும்.

அம்மாவிடம் பாறை ஏறுகிறேன் என்று சொன்னேன். "இந்த உடம்ப வச்சுக்கிட்டா?" என்றாள். பிறகு, "அவ வர்றாளா?" என்றாள். பதில் சொல்வதற்குள் உள்ளே போய்விட்டாள்.

இன்று காலை குட்டிப்பாறை. பேக்கரிக்காரர் பிடித்தார். ஏறுவதற்கு முன் என் முடிச்சைத் தொட்டு, "பார்த்தாச்சு" என்றார். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நீயும் அந்தப் பேருந்துக்காரிக்குச் சொல்லிக்கொடுத்துவிடு. அது என்னுடையது என்று பூட்டி வைத்தால், அங்கே உன்னை யார் பார்ப்பது?

கால் நடுங்கியது. நடுங்க நடுங்க ஏறினேன். பாதியில் ஒரு திட்டு இருக்கிறதே, நீ உட்கார்ந்து தண்ணீர் குடிப்பாயே, அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கையெழுத்து இப்படி இருப்பது அதனால்தான். கீழேயிருந்து அவர் கத்துகிறார், "கடுதாசி எழுதுற இடமாய்யா அது? எனக்குக் கழுத்து வலிக்குது!"

வலிக்கும். எனக்குத் தெரியும்.

தரையிலிருந்து ஆறு மீட்டர் உயரத்தில்,
மூட்டை