சீமாட்டி விரல்

என் பெரிய கண்ணுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். நீ அங்கே சளி, இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே அப்பாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். போனில் ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுத்து. உனக்குப் பரீட்சை என்று ஒரு மாதமாக மறைத்தோம்.

உன் தங்கைக்குத் தொழுநோய். முழங்கைக்கு மேலே வெளுத்த திட்டு இருந்ததே, தேமல் என்று நானே களிம்பு தடவிக்கொண்டிருந்தேனே, அதுதான். நான் பட்டம் வாங்கி என்ன பிரயோசனம் சொல். மருந்து தொடங்கிவிட்டதால் யாருக்கும் பரவாது, நோய் முழுக்கக் குணமாகும் என்கிறார் டாக்டர். ஆனால் முழங்கையை இடித்துக்கொண்டால் சுரீர் என்னுமே, அந்த நரம்பு கயிறு மாதிரி தடித்துக் கிடக்கிறது, தனியாக மாத்திரை கொடுத்தும் வீக்கம் இறங்கவில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியே இருக்கின்றன. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் இஸ்திரிப் பெட்டியில் கையை வைத்துக் கொப்புளமாக்கிக்கொண்டாள், எங்கே கவனம் என்று முதுகில் ஒன்று வைத்தேன், "சுடவே இல்லம்மா, எனக்கெப்படித் தெரியும்" என்றாள்.

நரம்பைச் சுற்றிய உறையைத் திறந்துவிடும் ஆபரேஷன் இருக்கிறதாம். விரல் பலம் போய் ஆறு மாதத்துக்குள் என்றால் திரும்ப வாய்ப்புண்டு, தாண்டியிருந்தால் பெரிய பலன் இருக்காது, எல்லாம் அடங்கிய பிறகு வேறொரு விரலின் தசைநாரை மாற்றிக் கட்டித்தான் பார்க்க வேண்டும். எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். தினம் தலை வாரிவிடுகிறவள், யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நீ லீவுக்கு வந்தபோது, இவள் டம்ளர் பிடிக்கையில் சுண்டுவிரல் தனியாக விலகி நிற்பதைப் பார்த்து, "சீமாட்டி, டீ ஆறிடப் போகுது" என்று கேலி செய்தாயே, நாங்களும் சிரித்தோமே. அது போன லீவா, அதற்கு முந்தினதா? போன லீவுதான் என்று அப்பா அடித்துச் சொல்கிறார், அப்படியானால் நாலு மாதம். எனக்கென்னவோ முந்தினது என்று படுகிறது, அப்படியானால் பத்து. இப்போது சீமாட்டி என்று கூப்பிட்டால் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்கிறாள். நீ சிரித்ததற்காக மனசு நோகாதே, அந்த விரலைப் பார்த்தது நீ ஒருத்திதான்.

உன் உடம்பிலும் தொட்டால் உறைக்காத திட்டு ஏதாவது உண்டா என்று ஒரு டாக்டரிடம் காட்டிவிடு, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே. ஒரு குறையும் அண்டாமல் நீ நன்றாயிருக்க வேண்டும், அம்மாவுக்கு அது போதும்.

வியாழக்கிழமை டாக்டர் மறுபடி கேட்பார். அவள் விரல் அப்படி விலகித் தெரிகிற போட்டோ ஏதாவது உன்னிடம் இருந்தால் தேதியைப் பார். என்னைத் தேற்றுவதற்காக மாற்றிச் சொல்லிவிடாதே. சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா