கோடு வரை தண்ணீர்

பிப்ரவரி 9, திங்கள்

தம்பி இன்று பேசினான்.

மருத்துவமனையிலிருந்து கூட்டி வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன். நான் வேலைக்குக் கிளம்பி, ஒரு கால் செருப்புக்குள், ஒரு கால் வெளியே. "அக்கா, ஒரு கடல் தொட்டி வைக்கலாமா?" என்றான். கடலில் இருப்பதுபோலவே உப்புத் தண்ணீர், பாறை, பவளம், மீன் எல்லாம் வைத்து வீட்டுக்குள் வளர்ப்பதாம். "வைக்கலாம்டா" என்றேன். எங்கே வைப்பது, யார் பார்ப்பது, ஒன்றும் யோசிக்கவில்லை. யானை வேண்டும் என்று கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

அம்மா சமையலறையிலிருந்து, "இருக்கிற ரெண்டு ரூம்ல மனுஷனுக்கே மூச்சு முட்டுது, இதுல மீனு வேறயா" என்றாள். முறைத்தேன். வாயை மூடிக்கொண்டாள்.

பிப்ரவரி 10

டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். "அவரா கேட்டாரா? அப்போ கண்டிப்பா செய்யுங்க. காலையில எழுந்திரிக்க அவருக்கு ஒரு காரணம் வேணும்" என்றார்.

சரி. அந்தக் காரணமே செத்துப்போனால்? அதைக் கேட்காமலே போனை வைத்துவிட்டேன். தம்பிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர்களிடமெல்லாம் "உடம்பு சரியில்லை" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கேயாவது எழுதுகிறேன். அவன் சாகப் பார்த்தான். எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

எழுந்து உட்கார்ந்தான். அதோடு நிற்காமல் வீடு முழுக்க நடந்து அளவு எடுத்தான். ஜன்னல் பக்கம் வேண்டாமாம், வெயில் பட்டால் பாசி பிடித்துவிடும். கூடத்தில், அலமாரியை நகர்த்திவிட்டு, கட்டிலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடம். "தண்ணியோட சேர்த்தா ரெண்டு மூணு ஆள் கனம் வரும்கா. தரை தாங்குமா?" என்று குதிகாலால் தட்டித் தட்டிப் பார்த்தான். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து "என்ன சத்தம்?" என்றார். "கடல் வருது சார்" என்றேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார். தம்பி உதட்டோரம் சிரித்தான். பார்த்தேன். சிரித்தான்தான்.

பிப்ரவரி 22

வளர்ப்பு மீன்கடைக்குப் போனோம். வெளியே வெயில், உள்ளே ஒரே நீல வெளிச்சம். எல்லோர் பல்லும் பளீரென்று தெரிகிறது. கடைக்காரர் நிதானமான ஆள். கேள்வி கேட்டால் முதலில் மீனுக்குத் தீனி போட்டு முடித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"மொதல் தொட்டியா? அப்போ மொதல் ஒரு மாசம் மீன் கிடையாது. தண்ணியும் பாறையும் மட்டும்தான்."

எனக்குச் சுருக்கென்றது. "மீனே இல்லாம தண்ணியைப் பார்த்துட்டு உக்காந்திருக்கணுமா? ஒண்ணே ஒண்ணு குடுங்க சார், சின்னதா."

கடைக்காரர் வாய் திறப்பதற்குள் தம்பி சொன்னான்: "பாறையில நல்ல பாக்டீரியா வளரணும்கா. அது வளராம மீனை விட்டா, மீன் தன்னோட கழிவுலயே செத்துடும்."

செத்துடும் என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததும் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான்.

மார்ச் 1

தொட்டி வந்துவிட்டது. லிப்டுக்குள் நுழையவில்லை, படிக்கட்டில் நாலு பேர் தூக்கி வந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அம்மா கையைப் பிசைந்துகொண்டு பின்னாலேயே ஏறினாள். குளியலறைக்கு வெளியே இரண்டு டிரம். வெள்ளை டிரம்மில் வடிகட்டிய வெறும் தண்ணீர். நீல டிரம்மில் உப்பு கலந்த தண்ணீர், அவ்வப்போது தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டுப் புதிதாக மாற்ற. ஒரு துளி விட்டுக் கண்ணில் வைத்துப் பார்க்கிற கருவி ஒன்று. அதில் உப்பளவு தெரியும். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் அடுத்தவர் கண்ணைப் பார்க்கிறவள், என் கண்ணில் அதை வைத்து "இப்போ தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?" என்று அவன் என்னைக் கேலி செய்தான்.

தொட்டியில் கறுப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டான். தண்ணீர் எப்போதும் அந்தக் கோடு வரை நிற்க வேண்டுமாம்.

மார்ச் 14

பாறை நாறுகிறது. வேலை முடிந்து வந்தால் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சோப்புத்தூளும் பிரஷ்ஷுமாகத் தொட்டி முன்னால் நிற்கிறாள். பாய்ந்து பிடுங்கினேன். "அம்மா! அந்த அழுக்குலதான்மா உயிரே இருக்கு!" "நாத்தத்துல என்னடி உயிரு?" என்றாள். நல்லவேளை.

தம்பி தினமும் தானாக எழுந்து தண்ணீரைச் சின்னக் குழாயில் எடுத்து, மருந்து விட்டு, நிறம் பார்க்கிறான். பச்சை வந்தால் கெட்டதாம், மஞ்சள் வந்தால் நல்லதாம். எனக்கு எல்லாம் பச்சையாகவே தெரிகிறது.

ஏப்ரல் 4

மஞ்சள்! இரண்டு ஆரஞ்சு மீன், ஒரு சிவப்பு இறால், விரல் விரலாக அசைகிற ஒரு பவளம். இறால் தொட்டிக்குள் தண்ணீரைச் சூடாக வைக்கிற ஹீட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. "இவனும் என்னை மாதிரிதான், மூலையைப் பார்த்துப் படுத்துட்டான்" என்றான் தம்பி. அம்மா தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 12

புது மாத்திரை. மத்தியானம்வரை தூங்குகிறான், எழுந்தாலும் தள்ளாடுகிறான். கை நடுங்கி உப்பு பார்க்கிற கருவியைக் கீழே போட்டு உடைத்துவிட்டான். முகம் சுருங்கிப்போயிற்று. "விடுடா, வேற வாங்கிக்கலாம்" என்றேன். "அவசரமில்லக்கா. சரியாத்தான் கலந்து வெச்சிருக்கேன், உப்பு எங்க போகப்போவுது? நீ காலையில கோடு வரைக்கும் தண்ணி மட்டும் ஊத்திடு. எனக்கு எழுந்திரிக்க முடியல."

ஊத்துகிறேன். நீல டிரம்மிலிருந்து இரண்டு மூன்று சொம்பு, கோட்டைத் தொடும்வரை.

ஏப்ரல் 21

மீன்கள் என்னைக் கண்டால் மேலே வருகின்றன. பெருமையாக இருக்கிறது, சொல்லிக்கொள்ள ஆளில்லை.

மே 1

பவளம் விரியவில்லை. நேற்றும் விரியவில்லை. தம்பி தள்ளாடித் தள்ளாடி வந்து ஒவ்வொரு பரிசோதனையாகச் செய்தான். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதாம். விளக்கின் உயரத்தை மாற்றினான். தண்ணீர் ஓட்டத்தைக் குறைத்தான். ஒன்றும் பலிக்கவில்லை. "எல்லாம் சரியா இருந்தும் ஏன்கா?" என்று கேட்டான். எனக்கென்ன தெரியும்? மீன் தொட்டியைப் பற்றித்தான் கேட்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மே 5

இறால் செத்துவிட்டது.

காலையில் நான்தான் முதலில் பார்த்தேன். எடுத்து எறிந்துவிடலாம், பாறைக்குள் ஒளிந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று வலையைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றான். பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். திட்டவில்லை, அழவில்லை. "நான் தொட்டா எதுவும் விளங்காதுக்கா" என்றான். அந்த நாளுக்கு முன்பும் இதையேதான் சொன்னான். இதே சொற்கள், இதே குரல். அன்று நான் "சும்மா இருடா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டான். சுவர்ப்பக்கம்.

வீட்டிலிருந்த மாத்திரைகளையெல்லாம் கைப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். அம்மாவிடம் "அவனை விட்டு நகராதே, குளிக்கக்கூடப் போகாதே" என்றேன். "தெரியும்டி" என்றாள்.

மே 6

சாப்பிடவில்லை. ஒரு வாய்கூட.

கடையில் ஒரு பெரியவருக்கு வலது கண் அளவை இடது கண்ணுக்கு எழுதிவிட்டேன். முதலாளி பார்த்துத் திருத்தினார். "உடம்பு சரியில்லையா?" என்றார். உடம்பு சரியில்லை என்றேன். எனக்கு வந்த ஒரே பொய் அதுதான்.

மே 7

மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. சின்னது ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்துகிறது. யாருமில்லாத நேரத்தில் கண்ணாடியில் முகத்தை வைத்துத் திட்டினேன். செத்துத் தொலைக்காதீங்க. சனியன்களா, உங்களுக்கு என்ன குறை வைத்தேன்? வேளாவேளைக்குத் தீனி, தினமும் தண்ணீர். நீங்கள் போனால் அவன் போய்விடுவான், புரிகிறதா? மீனிடம் கெஞ்சுகிறேன். என் நிலைமை மீனிடம் கெஞ்சுகிற நிலைமை.

ஏன் இதை ஆரம்பித்தேன்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால், சுவரைப் பார்த்தபடியாவது இருந்திருப்பானே. நம்பிக்கை கொடுத்துப் பிடுங்குவதா? டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். நாளை மறுநாள் கூட்டி வாருங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள் என்றார். அதுவரை. இரண்டு இரவு. என்னால் முடியவில்லை. யாராவது என்னை ஒரு மணி நேரம் தூங்க விட்டால் போதும்.

மே 8, வெள்ளி

வேலைக்குப் போகும் வழியில் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மீன்கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு துளி எடுத்துத் தன் கருவியில் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னம்மா இது? கருவாடு போடப் போறீங்களா?"

எனக்குப் புரியவில்லை.

"உப்பு தாறுமாறா ஏறிக் கிடக்கு. குறையுற தண்ணிக்கு என்ன ஊத்துறீங்க?"

"உப்புத் தண்ணிதான் சார். கடல் தண்ணி குறைஞ்சா கடல் தண்ணிதானே ஊத்தணும்?"

அவர் தீனி டப்பாவைக் கீழே வைத்தார். "ஆவியாப் போறது தண்ணி மட்டும்தாம்மா. உப்பு உள்ளேயேதான் இருக்கும். வெறும் தண்ணிதான் ஊத்தணும். நீங்க தினமும் உப்பு மேல உப்பு கொட்டியிருக்கீங்க."

வெள்ளை டிரம். தம்பி வெள்ளை டிரம்மிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறான். எந்த டிரம் என்று அவன் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. சந்தேகமே வராத அளவுக்கு எனக்கு நிச்சயம்.

கடைப்படியில் உட்கார்ந்துவிட்டேன். நான்தான். இறாலைக் கொன்றது நான். தினமும் காலையில் சொம்பு சொம்பாகக் கொன்றிருக்கிறேன். உட்கார்ந்தே இருந்தேன். பிறகுதான் உறைத்தது: நான்தான் என்றால் அவன் இல்லை. அவன் இல்லை! வேலைக்குப் போகவில்லை. ஆட்டோ பிடித்தேன். சந்தோஷத்தில் அழுகிறேனா, வெட்கத்தில் அழுகிறேனா, எனக்கே தெரியவில்லை. ஓட்டுநர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவன் முதுகிடம் சொன்னேன். "நீ ஒண்ணும் பண்ணலடா. நான்தான். நீல டிரம்ல இருந்து ஊத்தினேன், தினமும்."

முதுகு அசையவில்லை. பிறகு திரும்பினான். "நீல டிரம்மா?"

"ஆமாடா."

"எப்போலேருந்து?"

"நீ சொன்ன நாள்லேருந்து."

எழுந்து உட்கார்ந்தான். "லூசாக்கா நீ? உனக்கு மூளை இருக்கா? கடல் தண்ணிதானே ஆவியாகி மழையா வருது? மழை என்னிக்காவது உப்பு கரிச்சிருக்கா? ஸ்கூல்ல என்னத்தைப் படிச்ச நீ?" கத்தினான். கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும். அம்மா பதறிக்கொண்டு ஓடி வந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். கத்தட்டும். எத்தனை மாதமாயிற்று இவன் யார்மேலாவது கோபப்பட்டு? எல்லாக் கோபமும் தன்மேல்தானே. "மன்னிச்சிடுடா" என்றேன். "மன்னிப்பு யாருக்கு வேணும்? போய் வெள்ளை டிரம்ல எவ்ளோ இருக்குன்னு பாரு!" என்றான்.

போய்ப் பார்த்தேன். நிறைய இருந்தது.

மே 9

டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். மாத்திரையைக் குறைத்தார். இவன் அவரிடமும் என் அறிவைப் பற்றிப் புகார் சொன்னான். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

உப்பை ஒரேயடியாகக் குறைக்கக்கூடாதாம், மீன் தாங்காதாம். தினமும் கொஞ்சம் எடுத்துக் கொஞ்சம் வெறும் தண்ணீர். சொம்பை என் கையில் தர மறுக்கிறான்.

மே 13

பவளத்தில் இரண்டு விரல் விரிந்திருக்கிறது. சின்ன மீன் அடியில் கிடக்கிறது, மூச்சு இருக்கிறது. இது போனால் என்ன ஆகும்? பவளத்தைக் காட்டி அவனைத் திசைதிருப்பப் பார்த்தேன். "தெரியும்கா, பார்த்துட்டேன்" என்றான். எதைப் பார்த்துவிட்டான் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. மாத்திரைகள் இன்னும் என் பையில்தான்.

மே 17, ஞாயிறு

சின்னது செத்துவிட்டது.

நான் எழுந்து வருவதற்குள் அவன் அதை வலையில் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். கதவைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்வான் என்று அவன் வாயையே பார்த்தேன்.

"செத்துடுச்சுக்கா" என்றான். அவ்வளவுதான். "ஏற்கெனவே ரொம்ப அடி வாங்கிடுச்சு. அதுக்கப்புறம் நாம என்ன பண்ணியிருந்தாலும் தாங்கியிருக்காது." காகிதத்தில் சுற்றிக் கீழே கொண்டுபோய் மண்ணில் புதைத்துவிட்டு வந்தான். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினான். மற்ற மீனுக்குத் தீனி போட்டான். சாப்பிட உட்கார்ந்து, "அம்மா, இன்னொரு முட்டை இருக்கா?" என்றான். அம்மா ஓடினாள்.

நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, ஒரு ஆரஞ்சு மீனுக்காக வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். மீனுக்காக இல்லை. தெரியவில்லை, மீனுக்காகவும்தான்.

கதவைத் தட்டினான். "உள்ள எவ்ளோ நேரம்கா? நான் குளிக்கணும்."

"இதோ வந்துட்டேன்டா" என்றேன்.