தங்கை வீட்டு அட்ரஸ்

புரட்டாசி, வியாழக்கிழமை இரவு

மலரிடம் தெருவில் நின்று கத்தியிருக்கக் கூடாது.

எங்கள் புதுச்சேரி ஆஸ்பத்திரியின் கேன்சர் பதிவேட்டுக்காக மாதாமாதம் நோயாளிகளுக்கு போன் செய்வது என் வேலை. வைத்தியத்தில் எங்கே கோட்டைவிடுகிறோம் என்று தெரிவதற்காகத்தான் அந்தப் பதிவேடே. கஸ்தூரியம்மாவுக்கு போன் செய்தால் அவர் தங்கை மலர்தான் எடுப்பாள். "அக்கா நல்லா இருக்குது மேடம்" என்பாள். குறித்துக்கொள்வேன்.

இன்று பாகூர் பக்கம் போன கையோடு, பதிவேட்டில் கஸ்தூரியம்மாவுக்கு இருந்த அட்ரஸுக்கும் போனேன்; அது மலரின் வீடு. கஸ்தூரியம்மா அங்கே இல்லை. இருந்ததே இல்லை. அவர் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கடலூர் ஜில்லா. புதுச்சேரி அட்ரஸ் இருந்தால்தான் பார்ப்பார்கள் என்று யாரோ சொல்ல, தங்கை அட்ரஸைக் கொடுத்திருக்கிறார். நாங்கள் யாரையும் அப்படித் திருப்பி அனுப்பியதில்லை. அடிக்கடி வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயந்து மாத்திரை வாங்க வருவதையும் நிறுத்திவிட்டார். மார்பில் மறுபடியும் கட்டியாம்.

"அப்புறம் ஏன் நல்லா இருக்காங்கன்னு பொய் சொன்ன?"

மலர் அசரவில்லை. "இன்னா மேடம் பொய்யி? அக்கா எப்படி இருக்குதுன்னு கேட்டீங்க, அப்போ நல்லாத்தான் இருந்துச்சு. மாத்திர சாப்புடுதான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

கேட்டதில்லை. பதிவேட்டில் அதற்கு இடமில்லை. இல்லாவிட்டால் என்ன, எனக்கு வாய் இல்லையா?

நாளைக்கே அக்காவைக் கூட்டி வா என்றேன். "எந்த அட்ரஸ் சொல்லணும்?" என்று கேட்டாள்.

போன மாதக் கூட்டத்தில், ஒரு மாதம்கூட போன் தகவல் விடுபடாத நோயாளி என்று பெரிய டாக்டரிடம் நான் எடுத்துக் காட்டியது கஸ்தூரியம்மாவைத்தான். அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.