ப்ளஸ் காலில் ஒரு சிவப்புப் புள்ளி

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் எதைக் கேட்டாலும் "அப்புறம் சொல்றேன்க்கா" என்று பேச்சை மாற்றிவிடுகிறாய். எழுத்தில் கேட்டால் நழுவ முடியாதல்லவா, அதனால் இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய எலெக்ட்ரானிக் சாமான் பொட்டலம் வந்தது. ரெசிஸ்டர், ரிலே, பஸ்ஸர், ஐ.சி. எல்லாம் நான் கேட்டபடியே இருக்கின்றன. விலைதான் எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் கல்லூரிக்கு எதிரே இருக்கும் கடைக்காரர் ஒன்றிரண்டு கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "நூறா எடுங்க மேடம், ஒத்தைப் பீஸுக்கெல்லாம் பில் போட முடியாது" என்கிறார். இணையத்தில் வாங்கினால் சாமானைவிட அனுப்பும் கூலி அதிகம். நீ சொல்லும் விலையோ ஒரு டீச் செலவுக்குக்கூடக் காணாது. இவ்வளவு மலிவாக யார் விற்கிறார்கள்? கடைக்குப் பெயர் உண்டா? பில்லில் ஏன் ஒன்றும் அச்சடிக்கவில்லை?

பொழுதுபோக்குக்கு எதையோ செய்கிறேன் என்றால் இவ்வளவு துருவ மாட்டேன். இது அம்மாவுக்கான கதவு மணி. அவளுக்கு மறதி கூடிவிட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இன்னும் வேலை பார்ப்பதாக நினைப்பு. "ட்யூட்டிக்கு நேரமாச்சு, வழியை விடு" என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். கடையில் வாங்கிய மணி சைரன் மாதிரி அலறி அவளை நடுங்க வைத்தது. கதவு திறந்தால் என் அறையில் மட்டும் மெதுவாக ஒலிக்கிற மாதிரி நானே ஒன்று செய்கிறேன். அதில் ஒரு பாகம் போலியாக இருந்தாலும் அம்மா தெருவில்தான்.

உன் அக்கா

•

பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும் போல இருந்தது. உன் மாணவர்கள் பாவம்.

கடைக்காரர் ஒரு மாதிரி ஆள். பெயர்ப் பலகை கிடையாது. ஒரு மாடி அறை, சுற்றிலும் அட்டைப்பெட்டி, அவ்வளவுதான். மூடிப்போன ஏதோ தொழிற்சாலையின் மிச்சச் சரக்கை மொத்தமாக எடுத்தாராம். இடத்தை அடைக்கிறதென்று வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். "எங்க அக்கா காலேஜ்ல பிசிக்ஸ் எடுக்கறாங்க" என்றேன். "ஐயோ, அப்ப ரெண்டு தரம் செக் பண்ணித்தான் குடுக்கணும்" என்றார். உன் புகழ் அங்கேயும் பரவிவிட்டது, பார்!

ஆபீசில் வேலை கழுத்தை நெரிக்கிறது. அதனால்தான் போனில் நிதானமாகப் பேச முடிவதில்லை. சின்னவன் விசாரித்தான் என்று அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
தம்பி

•

பிப்ரவரி 22

அன்புள்ள தம்பிக்கு,

கதை நன்றாக இருந்தது. கேட்ட கேள்விகளுக்குத்தான் பதில் இல்லை.

ஐ.சி.யின் முதுகில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைத் தேய்த்துப் பார்த்தேன். போலி என்றால் மேலே அடித்த எழுத்து பெரும்பாலும் கரைந்துவிடும். கரையவில்லை. அசல்தான். ஆனால் அந்தக் கால்கள்? புதிய ரெசிஸ்டருக்குக் கால் நீளமாக இருக்கும். இவை குட்டையாக வெட்டப்பட்டு, ஒருமுறை வளைத்து நிமிர்த்தியவை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் பழைய ஈயம் மினுங்குகிறது. ஓடிக்கொண்டிருந்த ஏதோ கருவியிலிருந்து கழற்றியிருக்கிறார்கள். கழற்றியவன் கைதேர்ந்தவன். ஒன்றுகூடக் கருகவில்லை.

மிச்சச் சரக்கு என்கிறாயே, மிச்சச் சரக்கு ஒருமுறை வேலை பார்த்துவிட்டா வரும்? வாய்விட்டே கேட்கிறேன். உன் கம்பெனிக்குப் பழுதுபார்க்க வரும் கருவிகளிலிருந்து யாராவது உருவி விற்கிறார்களா? அந்தக் கிடங்கின் சாவி உன்னிடம்தானே இருக்கிறது?

அம்மா இன்று கேட்டாள், "சின்னவன் ட்யூட்டி முடிஞ்சு வந்துட்டானா?" என்று. இன்னும் இல்லை என்றேன்.

அக்கா

•

மார்ச் 3

அக்கா,

திருடன் என்று நேராகவே எழுதியிருக்கலாம். அதைச் சொல்ல இவ்வளவு மை எதற்கு?

கழற்றிய சாமான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஜனங்கள் தூக்கிப்போட்ட டி.வி., இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் எடைக்கு வாங்கிக் கழற்றி விற்கிறார். யாருடைய கிடங்கிலும் யாரும் கை வைக்கவில்லை. இதற்குமேல் அந்த ஆளைப் பற்றி என்னிடம் கேட்காதே.

நீ கேட்ட மற்ற பாகங்கள் இத்துடன் உள்ளன. எல்லாம் சோதித்தவை. நம்பிக்கை இல்லையென்றால் குப்பையில் போடு.

தம்பி

•

மார்ச் 19

தம்பிக்கு,

குப்பையில்தான் போட்டிருக்க வேண்டும்.

மணியைப் பொருத்தினேன். நன்றாகவே ஒலித்தது. முதல் இரண்டு நாள் அம்மா கதவில் கை வைத்தபோதெல்லாம் எனக்குக் கேட்டது. நானும் நம்பிவிட்டேன். திங்கட்கிழமை மதியம் மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் ஆள் குரல். தெருமுனைத் தையல்கடை அம்மாள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"நட்ட நடு ரோட்டுல நின்னுக்கிட்டு, வர்ற வண்டிக்கெல்லாம் கையைக் காட்டி 'லைன்ல இருங்க, லைன்ல இருங்க'ன்னு சொல்றாங்க மேடம். லாரிக்காரன் பிரேக் போட்டானோ தப்பிச்சாங்க. வீட்டுல ஆள் இருந்துமா இப்படி விடுவீங்க?"

அம்மாவை உள்ளே உட்கார வைத்துவிட்டு மணியைத் திறந்து பார்த்தேன். மின்சாரம் உள்ளே வரும் இடத்தில் இருந்த கெப்பாசிட்டர் வெடித்து, உள்ளிருந்த காகிதம் பிதுங்கி நின்றது.

கேட்காதே என்றால் இனி நடக்காது. அந்த ஆளின் முகவரி வேண்டும். நேரில் வந்து பேசிக்கொள்கிறேன். தராவிட்டால் உன் மேலதிகாரிக்கு எழுதுவேன்.

அக்கா

•

மார்ச் 23

அக்கா,

அம்மாவுக்கு அடி ஏதும் இல்லையே? முதலில் அதைச் சொல். எத்தனை தடவை அழைத்தும் நீ போனை எடுக்கவில்லை.

அந்தக் கெப்பாசிட்டர் கெட்டதாக இருக்கவே முடியாது. ஒரு நாள் முழுக்க மின்சாரத்தில் போட்டுப் பார்த்தது அது. சிவப்புப் புள்ளி வைத்த காலை எந்தப் பக்கம் போட்டாய்? உறையில் மைனஸ் பக்கத்தைக் காட்டும் கோடு அழிந்துவிட்டதால்தான் புள்ளியே. மைனஸ் பக்கம் போட்டுவிட்டாயா?

கடைக்காரர் இடம் மாறிவிட்டார். முகவரி இல்லை. ஆபீசுக்கு எழுதாதே, உன் காலில் விழுகிறேன். போனை எடு.

தம்பி

•

மார்ச் 30

மதிப்பிற்குரிய கடைக்காரருக்கு,

வணக்கம். என் தம்பி மூலமாக உங்களிடம் பாகங்கள் வாங்கும் வாடிக்கையாளர் நான். என் அம்மா நலமாக இருக்கிறாள். அடி எதுவும் இல்லை.

வெடித்த கெப்பாசிட்டரில் சிவப்புப் புள்ளி இருந்ததை நான் தம்பிக்கு எழுதவே இல்லை. அவனாகவே கேட்கிறான்.

இந்தச் சாமானைக் கால் மாற்றிப் போட்டால் வெடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லாக் கம்பெனிகளும் இதில் மைனஸ் பக்கத்தைத்தான் குறிக்கின்றன. யாரோ முகம் தெரியாத வியாபாரியின் சரக்கு என்று எண்ணி, நானும் புள்ளியை மைனஸ் என்றே எடுத்துக்கொண்டேன். ப்ளஸ் காலில் புள்ளி வைக்கிறவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர். உடைந்த ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, அம்மாவின் நகப்பூச்சை எடுத்து, "நல்ல பக்கத்துக்குத்தாண்டா பொட்டு வைக்கணும்" என்று ஒரு அக்கா சொன்னாள். ஒரு தம்பி நம்பினான். நகப்பூச்சு அழிக்கும் அந்தத் திரவத்தை இப்போது புள்ளியின்மேல் தேய்த்துப் பார்த்தேன். கரைந்துவிட்டது; நகப்பூச்சேதான்.

மேலதிகாரிக்கு எழுதவில்லை. தம்பியின் ஆபீசுக்குப் போன் செய்தேன். "அவரு இங்கேர்ந்து போயி ஏழெட்டு மாசம் ஆச்சே மேடம், அந்தப் பிரிவையே மூடிட்டாங்களே" என்றாள் எடுத்த பெண்.

என் சந்தேகம் தப்பான இடத்தில் விழுந்தது உண்மை. சந்தேகப்பட்டதே தப்பு என்று மட்டும் சொல்ல மாட்டேன். மறைத்ததற்குக் காரணமும் கேட்கப்போவதில்லை. ஆனால் ஒன்று. கழற்றியது யார் கை என்று தெரிந்திருந்தால் புள்ளியைச் சரியாகப் படித்திருப்பேன். அம்மா லாரிக்கு முன்னால் நின்றிருக்க மாட்டாள். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது மணி இல்லை. கல்லூரிக்கு விடுப்பு போட்டுவிட்டு வாசலில் நாற்காலியோடு நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். விடுப்பும் தீரப்போகிறது. ஆகவே அதே அளவில் கெப்பாசிட்டர் ஒன்று வேண்டும். தபாலில் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன். நேரில் கொண்டுவந்து நீங்களே பொருத்தித் தர வேண்டும்; நான் கல்லூரியில் இருக்கும்போது மணியைக் கேட்க வீட்டில் ஆளும் வேண்டும். பின்பக்க அறையில் பெரிய மேசை இருக்கிறது, நல்ல வெளிச்சம். அட்டைப்பெட்டிகள் எத்தனை வந்தாலும் இடம் உண்டு. என் மாணவர்கள் ஒத்தைப் பீஸ் கிடைக்காமல் கடை கடையாக அலைகிறார்கள். கடைக்கு ஒரு பெயர் வைத்து, அதைப் பில்லில் அச்சடித்தால் நானே அனுப்பிவைக்கிறேன். அச்சடிக்காத பில்லை இனி ஏற்க மாட்டேன்.

அம்மா தினமும் அதே கேள்விதான் கேட்கிறாள். "வந்துக்கிட்டு இருக்கான்மா" என்று சொல்லத் தொடங்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: புள்ளி ப்ளஸ் காலிலேயே இருக்கட்டும்.